காட்டில் மட்டும் வாழும் மரங்கொத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? ஊரில் பார்க்கும் மரங்கொத்தியிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு முறை. டாப்சிலிப்பில்.

ஊர்ப்பக்கம் தென்னந்தோப்பில் வருமே, முதுகு பொன் நிறத்தில், கொண்டை சிவப்பாக? அதையே பார்த்துப் பழகியவன் நான். அன்று காலை காட்டுக்குள்ளிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வந்தபோது, யாரோ விறகு வெட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கூட வந்த வழிகாட்டி அண்ணன் சிரித்துவிட்டு, "கோடாலி இல்லைங்க, குருவி" என்றார்.

குருவியா அது! காக்கையைவிடப் பெரியது. வெள்ளை வயிற்றுக் கருப்பு மரங்கொத்தி. அலகிலிருந்து வால்வரை கிட்டத்தட்ட 48 செ.மீ.; தென்னிந்திய மரங்கொத்திகளில் இதுதான் பெரியது. உடம்பெல்லாம் கருப்பு, வயிறு மட்டும் வெள்ளை. நாங்கள் பார்த்தது ஆண். நெற்றியிலிருந்து கொண்டைவரை ஒரே சிவப்பு, கன்னத்திலும் ஒரு சிவப்புத் தீற்று. பெண்ணுக்குப் பின்னந்தலையில் மட்டும்தான் சிவப்பு. அந்த வெளிறிய மஞ்சள் கண் மட்டும், சரி, கொஞ்சம் முறைப்பது போலத்தான் இருந்தது.

பட்டுப்போன பெரிய மரம் ஒன்றில் வாலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, ஒரு இடத்தையே விடாமல் கொத்திக்கொண்டிருந்தது. மரத்தடியில் விரல் நீளத்துக்குச் சிராய்கள் சிதறிக் கிடந்தன. தேடுவது எறும்பையும் மரத்துக்குள் இருக்கும் வண்டுப் புழுக்களையும். பறந்தபோது இடுப்பில் ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்தது, அவ்வளவுதான், ஆள் மறைந்துவிட்டது.

நம் பக்கத்தில் இது இருப்பது பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளிலும் ஈர இலையுதிர் காடுகளிலும். தோப்புக்கு வராததற்கு இரை மட்டும் காரணமில்லை. இவ்வளவு பெரிய பறவைக்குப் பொந்து குடைய, நல்ல பருமனான மரம் வேண்டும், அதுவும் பட்டுப்போய் நின்றுகொண்டிருக்க வேண்டும். நம் தோப்பில் ஒரு மரம் பட்டுவிட்டால் எத்தனை நாள் நிற்கவிடுகிறோம்? அடுத்த வாரமே விறகாகிவிடும். பொன்முதுகுக்காரன் தென்னையிலேயே பொந்து போட்டுச் சமாளித்துக்கொள்வான். இதற்கு அது போதாது.

பார்க்கப் போவதென்றால் அதிகாலையில் போங்கள். பட்ட மரங்கள் நிற்கும் இடமாகப் பார்த்து நின்று, முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கேமராவை அப்புறம் எடுக்கலாம். நான் முதலில் கேமராவை எடுத்தேன். என்னிடம் இருப்பது ஒரு மரத்தின் படம்.