அப்பாவிடம் கேட்காத கேள்வி

கேள்வி:

அன்புள்ள அக்கா,

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 200 பேருக்கு மேல் வேலை செய்யும் இடம். மகளுக்கு ஏழு மாதம். 26 வார விடுப்பு முடிந்து போன மாதம்தான் திரும்பினேன். “பச்சப்புள்ளைய விட்டுட்டுப் போய் யாருக்குச் சம்பாதிக்கிற?” என்கிறார் மாமியார். விட்டுவிடலாம் என்றால் அம்மா, “கடன் வாங்கிப் படிக்க வெச்சது வீட்ல சும்மா இருக்கறதுக்கா?” என்று அழுகிறார். கணவர் “உன் இஷ்டம்” என்கிறார். நான் என்ன செய்ய?

(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது மாமியார் சொன்னதும் இல்லை, அம்மா சொன்னதும் இல்லை. “உன் இஷ்டம்” என்பதுதான். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்குக் குழந்தை இளைத்தாலும் சரி, வீட்டுக் கடன் தவணை தவறினாலும் சரி, “நீ எடுத்த முடிவுதானே” என்று அது உங்கள் தலையில் வந்து விழும்.

என் மகன் இரண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளியிலிருந்து அழைத்தார்கள், காய்ச்சல் என்று. படிவத்தில் முதலில் எழுதியிருந்தது அவன் அப்பாவின் எண். “அவரைக் கூப்பிட்டீங்களா?” என்றேன். “சார் வேலையில இருப்பாரே மேடம்” என்றார்கள். நானும் மாதக் கடைசிக் கணக்கோடு அலுவலகத்தில்தான் இருந்தேன். இரண்டு வருடம் கழித்து வேலையை விட்டேன். அதுவரை “புள்ளையக் கவனிக்கலையே” என்று சொன்ன அதே உறவினர்கள், அப்புறம் “பகல் பூரா வீட்ல என்னதான் பண்ற?” என்று கேட்டார்கள்.

என் பாட்டி திருவாரூர்ப் பக்கம் நடவு வேலைக்குப் போனவர். என் அம்மாவை மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு நாற்று நட்டவர். கூலி வந்தால்தான் அடுப்பு எரியும் என்பதால் அவர் நல்ல தாயா என்று ஊரில் யாரும் விசாரிக்கவில்லை. வேலைக்குப் போகும் தாயை ஏதோ இந்தக் காலத்துப் பழக்கம் போலப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாட்டி ஞாபகம்தான் வரும்.

அந்தச் ‘சும்மா’வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அதுவும் ஆண்களில் 100க்கு 26 பேர்தான் அதைச் செய்தார்கள். பிள்ளை பார்ப்பது இதில் சேராது, தனிக் கணக்கு. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்தார். அந்த உழைப்பும் சொத்து சேரக் காரணம், அதனால் அவருக்குச் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி. உங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். அவர் அவமதிப்பது தன் வாழ்நாள் உழைப்பையும் சேர்த்துத்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இருக்கலாமா விடலாமா என்பதை நான் சொல்ல மாட்டேன். இரண்டில் எதை எடுத்தாலும் அது மரியாதையான வாழ்க்கை. ஆனால் களைப்பில் ராஜினாமா எழுதாதீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்பது மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்திலிருந்து சட்டம். உங்கள் நிறுவனத்தில் அது எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தையாகவே பதில் வரும்.

அப்புறம் கணவரோடு உட்காருங்கள். “நான் போகவா வேண்டாமா” என்று ஆரம்பிக்காதீர்கள். காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை யார் என்ன செய்வது, தடுப்பூசிக்கு யார் விடுப்பு எடுப்பது, ராத்திரி குழந்தை அழுதால் யார் எழுந்திருப்பது என்று பேசுங்கள். நீங்கள் வேலையை விட்டால் உங்கள் பெயரில் மாதம் எவ்வளவு சேமிப்பு போகும் என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர் மகன், நீங்கள் இல்லை.

காப்பகம் பற்றி நிறுவனம் என்ன சொன்னது என்று எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா