ஸ்பீட் டெஸ்டில் 95, வீடியோ அழைப்பில் திக்கல்: கோளாறு எங்கே?

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் பதிவிறக்கம் 95, பதிவேற்றம் 20 என்று காட்டுகிறது. ஆனால் மாலையில் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, அலுவலக வீடியோ அழைப்பில் என் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறதாம். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறலாமா? – வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒரு வீடியோ அழைப்புக்கு 3, 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். உங்களிடம் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது.

ஸ்பீட் டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, நொடிக்கு எவ்வளவு தரவு போகிறது என்று அளக்கிறது. உங்கள் குரலோ பெரும்பாலும் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு சிறு பொட்டலமாகக் கிளம்புகிறது. அது அளவில் சிறியது. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். பிந்தி வந்தால் வராததற்குச் சமம். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது பேச்சுக்கு நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. ஆக, நீங்கள் அளக்க வேண்டியவை தாமதம், அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது (இதைத்தான் ஜிட்டர் என்பார்கள்), அப்புறம் பாக்கெட் இழப்பு (வழியிலேயே தொலைந்துபோகும் பொட்டலங்கள்).

இதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம், பிங் போதும். ஒரு முகவரிக்குச் சிறு பொட்டலம் அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று காட்டும், 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கிகளின் சோனார் ஒலிதான் அந்தப் பெயர். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் (கமாண்ட் பிராம்ப்ட்) பிங் என்றும் முகவரியும் மட்டும் கொடுத்தால் நான்கு முறையோடு நின்றுவிடும். கட்டளையின் கடைசியில் ஒரு கழித்தல் குறியும் ‘டி’ (t) என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால், நீங்கள் நிறுத்தும்வரை ஓடும்.

முதலில் உங்கள் ரவுட்டரையே பிங் செய்யுங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். ஒற்றை இலக்க மில்லிசெகண்டில் நின்றால் வைஃபை மேல் குற்றமில்லை. 2, 3 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று 200-க்குத் தாவினால் கோளாறு வீட்டுக்குள்ளேயே. லேன் கேபிள் செருகிப் பாருங்கள். முடியாவிட்டால் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சந்தைக்கடைதான். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் மூன்றே மூன்று.

ரவுட்டர் சரி என்றால் அடுத்து 8.8.8.8. இது கூகுளின் பொது டிஎன்எஸ் (இணையதளப் பெயர்களுக்கு எண் முகவரி சொல்லும் சேவை) முகவரி. சும்மா இருக்கும் நேரத்தில் 20 மில்லிசெகண்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பிங்கை நிறுத்தாமலே, கைபேசியிலிருந்து ஒரு பெரிய வீடியோவை கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். எண் 300, 400 என்று ஏறினால் ஆள் அகப்பட்டான்.

நடப்பது இதுதான். பதிவேற்றும் தரவு, வெளியே போகும் பாதையைவிட வேகமாக ரவுட்டருக்கு வருகிறது. மிச்சத்தை அது தன் நினைவகத்தில் வரிசையில் நிறுத்திவைக்கிறது. வரிசையில் 1 மெகாபைட் சேர்ந்தால் 8 மெகாபிட். 20 எம்பிபிஎஸ் பாதையில் அது கரைய 0.4 நொடி, அதாவது 400 மில்லிசெகண்ட். உங்கள் குரல் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். உங்கள் விஷயத்தில் என் சந்தேகம், வீட்டுக்கு வந்ததும் வைஃபையில் சேரும் கைபேசிகளின் படப் பேக்கப் மேல்தான். 300 திட்டத்தில் பதிவேற்ற வேகமும் கூடினால் வரிசை சீக்கிரம் கரையும், உண்மைதான். ஆனால் பேக்கப்பும் அதே வேகத்தில் மறுபடி நிரப்பிவிடும்.

அளக்கும்போது சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். நூறு பிங்கில் 98 தடவை 20, இரண்டு தடவை 800 வந்தால் சராசரி 36-கூட வராது. பார்க்க அழகாக இருக்கும். பேச்சு அறுபடுவதோ அந்த இரண்டு தடவைதான். அதிகபட்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு முடிவுக்கும் வராதீர்கள். காலையிலும் கோளாறு வரும் நேரத்திலும் கேபிளில் பத்துப் பத்து நிமிடம், மூன்று நாளாவது வேண்டும்.

டிரேஸ்ரூட் (தரவு எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் கட்டளை) போட்டு நடுவில் நட்சத்திரக் குறிகளைக் கண்டு பதறுபவர்கள் நிறையப் பேர். இடையிலுள்ள ரவுட்டர்கள் பல, இத்தகைய விசாரிப்புகளுக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கும். இழப்பு அங்கே தொடங்கி கடைசி முகவரிவரை தொடர்ந்தால் மட்டுமே அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் பேக்கப்தான் என்று உறுதியானால், இரவு 11 மணிக்கு மேல் ஓடும்படி மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. ரவுட்டரில் எஸ்க்யூஎம் (வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) வசதி இருந்தால் இன்னும் நல்லது. பதிவேற்ற வரம்பை 20-க்குப் பதில் 18 என்று வையுங்கள். 2 எம்பிபிஎஸ் கையை விட்டுப் போகும், ஆனால் வரிசை சேராது. ரவுட்டர் பிங்கும் சுத்தம், வீட்டில் யாரும் எதையும் ஏற்றவில்லை, அப்படியும் மாலையில் 8.8.8.8 ஏறுகிறது என்றால்தான் சேவை நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். அப்போது “நெட் ஸ்லோ” என்று சொல்லாதீர்கள், ஸ்பீட் டெஸ்ட் போடச் சொல்லி 95-ஐக் காட்டி ஃபோனை வைத்துவிடுவார்கள். கேபிளில் எடுத்த அந்த மூன்று நாள் எண்களை நேரத்தோடு அனுப்புங்கள்.