டோல்கீன் படம் – கடிதம்

வணக்கம் சார்,

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை எழுதிய டோல்கீனின் வாழ்க்கையைச் சொல்லும் ‘டோல்கீன்’ (2019) படத்தை இப்போதுதான் பார்த்தேன். அந்த நாவல் பைத்தியம் நான், ஆனாலும் பாதியிலேயே கொட்டாவி வந்துவிட்டது. எழுத்தாளர் வாழ்க்கையில் சினிமாவுக்கு ஏற்ற சம்பவங்களே கிடையாதோ?

கே.

அன்புள்ள கே.,

சம்பவங்களுக்கா பஞ்சம்? டோல்கீனுக்கு நான்கு வயதில் அப்பா இறந்துபோனார். அம்மா மேபல் 1900இல் கத்தோலிக்கராக மாறினார், சொந்தக்காரர்கள் பண உதவியை நிறுத்தினார்கள். 1904இல் சர்க்கரை நோயில் (இன்சுலின் வராத காலம்) அவரும் இறந்தார். காப்பாளரான பாதிரியார் மோர்கன், 21 வயதுவரை காதலி எடித்தோடு பேச்சே கூடாது என்கிறார், இவரும் கட்டுப்படுகிறார். 1913 ஜனவரியில் 21 பிறந்ததும் நள்ளிரவில் உட்கார்ந்து கடிதம் எழுதினால், எடித்துக்கு வேறொருவருடன் நிச்சயமாகியிருக்கிறது! நேரில் போய்ப் பேசுகிறார். எடித் அந்த மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மதம் மாறவும் சம்மதிக்க, தங்கியிருந்த வீட்டுக்காரர் வெளியே போகச் சொல்லிவிட்டார்.

இயக்குநர் டோம் கருகோஸ்கியின் இந்தப் படத்தில் காதல் இருக்கிறது, மதம் பெயருக்குத்தான். பாதிரியார் வருகிறார், தடை போடுகிறார், போகிறார். அந்த விசுவாசத்தை உருவிவிட்டால் ஒரு இளைஞன் மூன்று வருடம் ஏன் வாய்மூடி இருந்தான் என்பதே விளங்காது. டோல்கீன் குடும்பத்தார் படம் வரும் முன்பே தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அறிக்கை விட்டார்கள்.

எனக்கு எரிச்சல் வந்தது போர்க்களக் காட்சிகளில். 1916, முதல் உலகப் போர், பிரான்ஸில் சோம் போர்க்களம். ஜெர்மானியர்கள் பீய்ச்சும் நெருப்பு அப்படியே டிராகனாகிறது. அதாவது காய்ச்சலில் கண்டதை அப்புறம் காகிதத்தில் இறக்கினால் நாவல்! அவருக்கு அகழிக் காய்ச்சல் வந்தது உண்மைதான். ஆனால் போர் முடிந்ததும் அவர் பார்த்த வேலை ஆக்ஸ்போர்டு அகராதியில் ‘டபிள்யூ’ வரிசைச் சொற்களுக்கு வேர் தேடுவது. ‘வால்ரஸ்’ என்ற ஒரே சொல்லுக்கு மாற்றி மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறார். அதே ஆள்தான் தானாக மொழிகளை உண்டாக்கி, அவற்றைப் பேச ஆட்கள் வேண்டுமே என்று ஒரு உலகத்தையும் உண்டாக்கினார். 1937 கடைசியில் தொடங்கிய ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’, வகுப்பு, விடைத்தாள் எல்லாவற்றுக்கும் நடுவே 1949 வரை இழுத்தது.

இதையெல்லாம் படமாக்குவது கஷ்டம், சரி. ஆனால் முடியாததில்லை. நடிகர் டெரிக் ஜேகபி, டோல்கீனின் பேராசிரியர் ஜோசப் ரைட்டாக வந்து மொழியைப் பற்றிப் பேசுகிறாரே, டிராகனும் இல்லை குண்டும் இல்லை, நான் நிமிர்ந்து உட்கார்ந்த ஒரே இடம் அதுதான். நிஜ ரைட் சிறுவயதில் நூற்பாலையில் வேலை பார்த்தவர், எழுத்துக்கூட்டிப் படிக்கவே பதினைந்து வயதில்தான் கற்றுக்கொண்டார். அவரை வைத்து யாராவது படம் எடுத்தால் முதல் நாளே டிக்கெட் எடுப்பேன்.