முதல் பத்தியைத் தாண்டவே முடியவில்லை, பணம் கட்டிப் பயிற்சியில் சேரலாமா?

கேள்வி: பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். வயது 43. திருமணத்துக்கு முன் எழுதிய இரண்டு சிறுகதைகள் பத்திரிகையில் வந்தன. அதன்பின் அனுப்பிய மூன்று கதைகளுக்குப் பதிலே இல்லை. மறுபடி எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியையே எழுதி எழுதி அழிக்கிறேன். எனக்குத் திறமை இல்லையோ? மாமியார் வீட்டை வைத்து ஒரு கதை பல வருடமாக மனதில் இருக்கிறது, தொடவே பயமாக இருக்கிறது. ஒரு நிறுவனத்தார், எழுத்தாளர் மனத்தடை நீக்கும் 12 வார இணையவழிப் பயிற்சியும் முடிவில் என் பெயரில் புத்தகமும் சேர்த்து 38,000 ரூபாய் என்கிறார்கள். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் உங்கள் பத்தியைப் பார்ப்போம்.

திறமை இருக்கிறதா என்பதை ஒரு பத்தியை வைத்து உங்களாலும் சொல்ல முடியாது, என்னைப் போன்ற பதிப்பாசிரியராலும் முடியாது. உங்கள் சிக்கல் வேறு. பகல் முழுக்கச் சிவப்புப் பேனாவோடு இருக்கிறீர்கள். இரவு உங்கள் வாக்கியத்தையும் அதே கண்ணால் பார்க்கிறீர்கள். ‘இங்கே ஒற்று மிகுமா’ என்று யோசித்த நொடியில் கதாபாத்திரம் வாயை மூடிக்கொள்ளும். உரையாடலைப் பேச்சு வழக்கில் எழுதுவதா, எழுத்து வழக்கில் எழுதுவதா என்ற குழப்பமும் அப்படித்தான். இவையெல்லாம் கடைசித் திருத்தத்தில் பார்க்க வேண்டியவை. ஒற்றுப் பிழைக்காக நான் எந்தக் கதையையும் திருப்பி அனுப்பியதில்லை. அதைத் திருத்த மெய்ப்புத் திருத்துபவர் இருக்கிறார்.

செய்ய வேண்டியது இதுதான். முதல் பத்தியை எழுதாதீர்கள். கதையில் உங்களுக்கு மிகத் தெளிவாகத் தெரிகிற காட்சி எதுவோ, அது நடுவில் இருந்தாலும் அங்கிருந்து ஆரம்பியுங்கள். எங்களிடம் வரும் கதைகளில் முதல் பத்தியைத்தான் பெரும்பாலும் வெட்டுகிறோம், அதற்காக நீங்கள் இத்தனை இரவு தூக்கம் கெடுக்க வேண்டியதில்லை. கணினியில் அழிப்பது சுலபம் என்பதால் கொஞ்ச நாள் நோட்டில் எழுதுங்கள். அரை மணி நேரம் போதும். மேலே போய்ப் படிக்கக் கூடாது. அடித்தல் திருத்தல் கூடாது. அன்றைக்கு முடிக்கும்போது, அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்கிற இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் வெறும் தாளைப் பார்த்து விழிக்க வேண்டியிருக்காது. கை வலித்தால் கைபேசியில் பேசியே தட்டச்சு செய்யலாம், இப்போது தமிழ் ஓரளவு நன்றாகவே விழுகிறது. கதை முழுவதும் முடிந்து ஒரு வாரம் ஆன பிறகு சிவப்புப் பேனாவை எடுங்கள்.

இடைவெளி விழுந்துவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 1966-ல் வந்தது, இரண்டாவது 1981-ல்.

பதில் வராத மூன்று கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நிராகரிப்பாகக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். அது நிராகரிப்பே அல்ல. பல அலுவலகங்களில் வருகிற மின்னஞ்சலைத் திறக்கவே ஆள் கிடையாது. கதை கிடைத்தது என்று ஒரு வரி பதில் போட என்ன செலவாகும்? இவர்கள்தான் மேடையில் ஏறிப் புதியவர்கள் எழுத வருவதில்லை என்று வருத்தப்படுகிறார்கள். நான்கு மாதம் பாருங்கள். பதில் இல்லையென்றால், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி அனுப்பிவிட்டு வேறு இதழுக்கு அனுப்புங்கள்.

இனி மாமியார் வீட்டுக் கதை. இதைத் தன்னம்பிக்கைக் குறைவோடு சேர்க்காதீர்கள். இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நாளைக்கு அதே வீட்டில்தான் நீங்கள் காபி போட வேண்டும். முதல் வரைவில் எல்லாரையும் உள்ளபடியே எழுதிவிடுங்கள், தேவையானால் உண்மைப் பெயரோடு. எழுதும்போதே மறைக்க ஆரம்பித்தால் கதை நகராது. அந்த நோட்டை யார் கையிலும் படாமல் வையுங்கள், வீட்டில் எல்லாரும் எடுக்கிற கைபேசியில் வைக்காதீர்கள். இரண்டாம் வரைவில் மாற்றுங்கள். எல்லாரும் பெயரை மட்டும் மாற்றுவார்கள், அதில் பயனில்லை. சொந்தக்காரர்கள் ஆளைக் கண்டுபிடிப்பது பெயரை வைத்தல்ல. ஓயாமல் சொல்கிற ஒரு சொல், அடகுக்குப் போன இரட்டைவடச் சங்கிலி, நிலம் விற்ற வருடம், இப்படி ஏதோ ஒன்றை வைத்துத்தான். அவற்றை மாற்றுங்கள். இரண்டு பேரை ஒருவராக்குங்கள். நாத்தனாரைக் கொழுந்தனாராக்கினால்கூடக் கதை பல சமயம் மேம்படும். ‘யாவும் கற்பனை’ என்று அடியில் ஒரு வரி போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆள் அடையாளம் தெரிந்தால் பெயர் இல்லாவிட்டாலும் அவதூறு வழக்குப் போட முடியும். இப்போது அது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இருக்கிறது. குற்றம், கள்ள உறவு, வரதட்சணைச் சாவு போன்ற விஷயம் கதையில் இருந்தால் வெளியிடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். வெறும் மனத்தாங்கல்தான் என்றால் அவ்வளவு தேவையில்லை. யாருமே படிக்காமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம், நம் ஊர் நிலைமை அப்படி.

எழுத்து மட்டுமல்லாமல் தூக்கம், பசி, வகுப்பெடுக்கும் ஆர்வம் எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் போயிருந்தால் இந்தப் பதிலை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

சரி, அந்த 38,000 ரூபாய். இவர்கள் விற்பது பயிற்சியை அல்ல, உங்கள் சந்தேகத்துக்கு மருந்து என்று சொல்லி ஒரு அச்சு வேலையை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருகிறது என்று அவசரப்படுத்துவார்கள். ஐஎஸ்பிஎன் எண் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரும் சர்வதேச அடையாள எண்) வாங்கித் தருவதற்கு ஒரு தொகை கேட்பார்கள். இந்தியாவில் அந்த எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. காப்புரிமை பதிவு செய்கிறோம் என்பார்கள். எழுதி முடித்த நிமிடமே காப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணை, உறுதி என்பார்கள். அதை யாராலும் உறுதி சொல்ல முடியாது. பெரிய பதிப்பாளர்களே அந்த ஆணைக்காக வருடக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். கூடவே விருது, கேடயம், சிலர் கௌரவ டாக்டர் பட்டம் வரைக்கும் போவார்கள். கடைசியில் 300 பிரதிகள் உங்கள் வீட்டுப் பரணில் வந்து இறங்கும். பரணைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் சந்தேகம் இன்னும் வளரும்.

எந்தப் பதிப்பாளரிடம் போனாலும் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள்: உரிமை எத்தனை வருடத்துக்கு, எந்த நாட்டுக்கு. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். இதனால்தான் சிலர் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று பொடி எழுத்தில் போட்டுவைக்கிறார்கள். அப்படி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

முன்பணம் எதுவும் கட்டிவிட்டீர்களா என்று எழுதவில்லை. கட்டியிருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.