மாசம் சம்பாதிக்கிற காசுல பாதிக்கு மேல கார்டு வட்டியா பேங்குக்குத்தான் போகுது

கேள்வி: வணக்கம் சார், நாங்க சேலம் பக்கம். வீட்லயே சத்துமாவு, இட்லிப்பொடி அரைச்சு வாட்ஸ்அப்ல விக்கிறேன், செலவு போக மாசம் 7,000 நிக்கும். கொழுந்தனார் குழந்தைக்கு எட்டு மாசம், இதயத்துல ஓட்டைன்னு சொல்லிட்டாங்க. அவர் தறி ஓட்டுறார், வாரம் 2,200 கூலி. போன் வரும்போதெல்லாம் கிரெடிட் கார்டுல கேஷ் எடுத்து அனுப்பினேன், இப்ப 1,10,000 நிக்குது, மாசம் 3.5% வட்டி, மினிமம் டியூ (குறைஞ்சபட்சம் கட்டச் சொல்ற தொகை) மட்டும் கட்டுறேன். ஆபரேஷனுக்கு தனியார் ஆஸ்பத்திரியில 2.5 லட்சம் கேக்குறாங்க, பாதிய நீங்கதான் பாக்கணும்னு மாமியார் சொல்றாங்க. பெர்சனல் லோன் போடலாமா? ஏஜென்ட் ஒருத்தர் என் பையனுக்கு சைல்டு பாலிசி வேற போடச் சொல்றார். நகை அஞ்சு பவுன் பீரோல இருக்கு.

பதில்: பெர்சனல் லோன் வேண்டாம். சைல்டு பாலிசிய பத்தி இப்ப பேசவே வேண்டாம்மா, கழுத்து வரைக்கும் கடன் இருக்கறவங்ககிட்ட வருஷக்கணக்குல பணம் முடங்குற பாலிசிய கொண்டுவந்து நீட்டுற ஏஜென்ட்டுக்கு என்னதான் மனசோ.

பிரச்சனை கொழுந்தனாருக்கு குடுக்குறதுல இல்ல, குடுக்குற விதத்துல. போன் வந்த ராத்திரியே ஏடிஎம்முக்கு ஓடிடுறீங்க. பழைய பாக்கி இல்லாதப்ப கார்டுல பொருள் வாங்கினாலாவது பில்லுல போட்டிருக்குற கடைசி தேதி வரைக்கும் வட்டி இல்ல, கேஷ் எடுத்தா எடுத்த அன்னிக்கே வட்டி ஆரம்பிச்சிடும், அதுக்கு மேல ஒவ்வொரு தடவையும் தனி சார்ஜ். தோராயமா கணக்கு பாருங்க: 1,10,000க்கு 3.5%ன்னா மாசம் 3,850, அதுக்கு ஜிஎஸ்டி ஒரு 700, ஆக 4,550. மினிமம் டியூ 5%ன்னு வச்சா நீங்க கட்டுறது 5,500, அசல்ல கழியுறது ஆயிரம்கூட இல்ல. விடியக்காலைல எழுந்து வறுத்து அரைச்சு சம்பாதிக்கிற 7,000ல பாதிக்கு மேல வட்டிக்கே போகுது, அந்தக் குழந்தைக்கு இல்ல.

அதனால மொதல்ல பீரோல இருக்குற நகைல ரெண்டு மூணு பவுன எடுத்து பேங்க்ல வைங்க (அடகுக் கடையில இல்ல), கார்ட ஒரே தடவைல அடைச்சிடுங்க. வட்டி வருஷம் 10%ன்னு வச்சாலும் மாசம் 920 ரூபாதான். இப்ப கட்டுற அதே 5,500ஐ நிறுத்தாம நகைக்கடன்ல கட்டிட்டு வந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள நகை வீட்டுக்கு வந்துடும். மாமியார் மூஞ்சிய தூக்குவாங்க, தூக்கட்டும், நகை உங்களோடது.

இப்ப ஆபரேஷன். வாரம் 2,200ன்னா வருஷத்துக்கு 1,14,400. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு 1,20,000, அவங்க உள்ளதான் வர்றாங்க! குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் கவர், குழந்தைங்க இதய ஆபரேஷனும் அதுல உண்டு. இத யாருமே உங்ககிட்ட சொல்லலையா, இல்ல சொல்லியும் "எதுக்கு அலையணும், அண்ணி இருக்காங்கல்ல"ன்னு விட்டுட்டாங்களா தெரியல. விஏஓகிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துக்கு கொழுந்தனாரே போகட்டும். குழந்தை பேரு ரேஷன் கார்டுல ஏறிடுச்சான்னு அதுக்கு முன்னாடி பாத்துக்கச் சொல்லுங்க. இது கேஷ்லெஸ் (பில்ல திட்டமே ஆஸ்பத்திரிக்கு நேரா கட்டிடும்), ஆபரேஷனுக்கு முன்னாடியே அப்ரூவல் வாங்கணும், அதனால அவசரப்பட்டு தனியார் ஆஸ்பத்திரியில அட்வான்ஸ் கட்டிடாதீங்க. அந்த ஆஸ்பத்திரியே திட்டத்துல இருக்கான்னு அங்க கேட்டாலே சொல்லிடுவாங்க. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில குழந்தைங்க டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டுங்க, எல்லா ஓட்டைக்கும் ஆபரேஷன் தேவைப்படாது, சின்னது சிலது தானாவே மூடிக்கும், எப்ப என்ன செய்யணும்னு அவங்கதான் சொல்லணும்.

உங்க பங்கு அதுக்கப்புறம்தான். பஸ் காசு, கூட இருக்கறவங்க சாப்பாடு, தறிக்குப் போகாத நாளுக்கு கூலி, இதெல்லாம் காப்பீட்டுல பெரும்பாலும் வராது, அவங்க நிஜமாவே தடுமாறுறது இதுலதான். மாசம் பத்து கிலோ சத்துமாவு கூடுதலா போடுங்க, என்ன விஷயத்துக்குன்னு குரூப்ல சொல்லியே வில்லுங்க, அந்த லாபத்த மட்டும் ஒண்ணாந்தேதி உங்க ஓரகத்தி அக்கவுண்ட்ல போடுங்க. நடுவுல போன் வந்தா "ஒண்ணாந்தேதி போடுறேன்"ன்னு சொல்லுங்க. கார்ட அடைச்சதும் கேஷ் லிமிட்ட (கார்டுல கேஷ் எடுக்குற வரம்ப) பேங்க் ஆப்லயே ஜீரோவாக்கிடுங்க, ஆப்ல அந்த வசதி இல்லன்னா கஸ்டமர் கேருக்கு அடிச்சு சொல்லிடுங்க.