பாலியூரித்தேன் பூச்சுகளில் பாதரசத்துக்கும் வெள்ளீயத்துக்கும் பதிலாகச் சேர்க்கப்படும் பிஸ்மத் வினையூக்கி உண்மையில் பாதுகாப்பானதா?

ஆம் என்றே சொல்வேன். ஆனால் அந்தப் பாதுகாப்பு யாருக்கு, எதிலிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் கொடைக்கானலில் மொட்டை மாடிகளுக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடிக்கும் வேலை செய்கிறேன். 2001-இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசம் எங்கள் ஊருக்கு இன்னும் ஆறாத புண். அதனால்தான், பாலியூரித்தேன் தரைகளிலும் வார்ப்புகளிலும் ஃபீனைல் பாதரசச் சேர்மங்கள் பல ஆண்டுகள், பூச்சை விரைந்து இறுகச் செய்யும் வினையூக்கியாகச் சேர்க்கப்பட்டன என்று அறிந்தபோது மிகவும் கலங்கினேன். வினை முடிந்த பின் வினையூக்கியை யாரும் பிரித்தெடுப்பதில்லை; அது பூச்சுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அமெரிக்கப் பள்ளிகள் சிலவற்றின் உடற்பயிற்சிக் கூடங்களில், இத்தகைய பழைய தரைகளிலிருந்து பாதரச ஆவி வெளிவருவது அளந்தே கண்டறியப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 அக்டோபர் முதல் இவ்வகைச் சேர்மங்கள் ஐந்தைக் கட்டுப்படுத்தியது.

வெள்ளீயத்தில் பெரிதும் புழங்குவது டைபியூட்டைல்டின் டைலாரேட். இது கருவுக்கும் இனப்பெருக்கத் திறனுக்கும் கேடு செய்யக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டுள்ளதால், பொதுமக்களுக்கு விற்கும் பொருள்களில் டைபியூட்டைல்டின் சேர்மங்கள், வெள்ளீயக் கணக்கில், 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2012-இல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்தது. வினையூக்கியாக அது சேர்ந்த பூச்சுகள் உள்ளிட்ட சிலவற்றுக்கு 2015 வரை அவகாசம் தரப்பட்டது.

பிஸ்மத் நியோடெக்கனோயேட் போன்றவற்றைக் கரிமப் பிஸ்மத் என்று சொன்னாலும், அவற்றில் பிஸ்மத் கரியோடு (கார்பனோடு) நேரடியாகப் பிணைந்திருப்பதில்லை, ஆக்சிஜன் வழியாகவே பிணைந்திருக்கிறது. மேலே சொன்ன பாதரச, வெள்ளீயச் சேர்மங்களிலோ உலோகம் நேரடியாகக் கரியோடு பிணைந்திருக்கிறது, அவற்றின் நச்சுத்தன்மையில் அந்தப் பிணைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. தனிம அட்டவணையில் காரீயத்துக்கு அடுத்த கட்டத்திலேயே இருந்தும் பிஸ்மத்தின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. அதன் சாலிசிலேட் உப்பு ஒன்று வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாகவே உட்கொள்ளப்படுகிறது. ஐசோசயனேட், பாலியால் என்ற இரு பொருள்கள் வினைபுரிந்துதான் பாலியூரித்தேன் உண்டாகிறது; ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தாலோ கரியமில வாயு வெளிவரும். இன்னொரு நன்மை, இந்த வினையூக்கி ஐசோசயனேட்டைத் தண்ணீரோடு சேர்ப்பதைவிடப் பாலியாலோடு சேர்ப்பதையே அதிகம் விரைவுபடுத்துவதால், கரியமில வாயுக் குமிழிகள் குறைகின்றன. மூடுபனி இறங்கும் ஊரில் இது சிறிய விஷயம் அன்று.

குறையும் அதே ஈரத்தில்தான் இருக்கிறது. பிஸ்மத் சேர்மங்கள் நீர்பட்டால் சிதைந்து வீரியம் இழக்கும். ஒரு கார்த்திகை மாதத்தில், வினையூக்கி கலந்த பாலியால் டப்பாவைச் சரியாக மூடாமல் இரண்டு நாள் வைத்துவிட்டேன். அதைக் கொண்டு அடித்த பூச்சு மறுநாள் மாலையிலும் கையில் ஒட்டியது. முழுவதையும் சுரண்டி எடுத்துப் புதிதாக அடிக்க வேண்டியதாயிற்று. இப்போது தேவைக்கேற்பச் சிறிய டப்பாக்களாகவே வாங்குகிறேன். குளிர் மிகுந்த நாள்களில் வினையூக்கியைக் கூட்டாமல், டப்பாக்களை முதல் நாளே வெதுவெதுப்பான அறையில் வைத்துவிடுகிறேன்.

வாங்கும்போது "வெள்ளீயம் இல்லாதது" என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். அதில் பிஸ்மத்துக்குப் பதில் அமீனோ துத்தநாகமோகூட இருக்கலாம் என்பதால், பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டுப் பாருங்கள். பிஸ்மத் இருந்தாலும் ஐசோசயனேட் ஐசோசயனேட்தான். அது ஆஸ்துமாவை உண்டாக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறு அளவும் மூச்சைத் திணறடிக்கும். ஆகவே, எந்த வினையூக்கி கலந்த பூச்சானாலும், துணியை முகத்தில் கட்டிக்கொண்டு வேலை செய்ய என் ஆட்களை நான் விடுவதில்லை. ஆவியை வடிகட்டும் முகக்கவசமும் கையுறையும் அணிந்த பிறகே டப்பாவைத் திறக்கிறோம்.