டைனமோவின் இரைச்சல்

அன்புள்ள ஐயா,

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன். சுழலும் நியூத்திரன் விண்மீன்களில் (பெரிய விண்மீன்கள் வெடித்தபின் மிஞ்சும் இறுகிய உருண்டைகள்) இருந்து இடைவிடாமல் வரவேண்டிய ஈர்ப்பலைகளை, அதாவது வெளியையே சற்று நெளிக்கும் அலைகளை, ஆர்வலர்களின் கணினிகளைக் கொண்டு தேடும் ‘ஐன்ஸ்டைன் அற் ஹோம்’ திட்டத்துக்கு ஒரு வருடமாக என் லப்டொப்பை ஓடவிடுகிறேன். 2005இல் தொடங்கிய திட்டம். இன்றுவரை அப்படி ஓர் அலைகூடக் கிடைக்கவில்லை. கறண்ட் பில்லைப் பார்த்து அப்பா ஏசுகிறார். போர்க்காலத்தில் காணாமல்போன பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் எங்கள் அம்மாக்களின் பொறுமைதான் இந்த விஞ்ஞானிகளுக்கும் என்று நினைத்துக்கொள்வேன். சித்தர்கள் நாதம் என்றது இதைத்தானா? தொடர்வதா, விடுவதா?

அன்புடன்,
க.

அன்புள்ள தம்பி,

சித்தர்களை விடும். அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

அம்மாக்களை ஏன் இதற்குள் இழுத்தீர்? 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்துக்குக் குந்தியவர்கள் பொறுமையாகவா இருக்கிறார்கள்? அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரிந்த ஆட்கள் இந்த நாட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். வாய் திறக்காதது வேறு, இரைச்சலுக்குள் கேட்காதது வேறு. இனி இப்படி எழுதாதேயும்.

பொறுமை என்ற சொல்லே விஞ்ஞானிகளுக்கும் பொருந்தாது. 1997இல் நாங்கள் முள்ளியவளையில் இருந்தோம். போர்க்காலம், வன்னிக்குள் பற்றரி வரத் தடை. சயிக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, நடுவில் ஒரு டயோட்டை வைத்து றேடியோவுக்குக் கொடுப்போம். இரவில் பிபிசி தமிழோசைச் செய்தி. மிதிப்பது என் வேலை, கேட்பது பெரியப்பாவின் வேலை. மிதிக்கத் தொடங்கியதும் றேடியோவுக்குள் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வரும். வேகம் கூடினால் சுருதி ஏறும், கால் களைத்தால் இறங்கும். செய்திக்காரரின் குரல் அதற்குள் எங்கேயோ கிடக்கும். எனக்கு என் கால்தான் கேட்டது. “ஒரே சீரா மிதியடா!” என்று பெரியப்பா கத்துவார். பொறுமையாக இரு என்று ஒருநாளும் சொன்னதில்லை. சீராக மிதித்தால் இரைச்சல் ஒரு சுருதியில் நின்றுவிடும், காது அதைத் தள்ளிவைக்கும், குரல் தெளியும்.

லைகோ என்பது ஈர்ப்பலையைப் பிடிக்கும் கருவி, உமது லப்டொப் அலசுவது அது பதிந்ததைத்தான். லைகோக்காரர் செய்வதும் இதுதான். 2015இல் அவர்கள் முதலில் பிடித்த கருந்துளை மோதல் 0.2 விநாடி. அது வெடிச்சத்தம், படுத்திருப்பவனுக்கும் கேட்கும் (வன்னியில் இதை விளக்கத் தேவையில்லை). உமது அலை அப்படி இல்லை. நண்டு நெபுலா என்ற வாயு முகிலின் நடுவில் இருக்கும் நியூத்திரன் விண்மீன் விநாடிக்கு 30 தரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுழல்கிறது. அதில் மில்லிமீற்றரிலும் குறைந்த ஒரு புடைப்பு இருந்தால், ஒரு சுற்றுக்கு இரண்டு அலை. ஆக, விநாடிக்கு 59 சொச்சம் அலை, அதாவது 59 ஹேர்ட்ஸ் சொச்சம். லைகோ இருக்கிற அமெரிக்காவின் மின்சாரமோ 60 ஹேர்ட்ஸ்! அடுத்த வளவிலேயே இரைச்சல். அது போதாதென்று சயிக்கிள் மிதிக்கிறவர்களும் நாங்களே: பூமி விநாடிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால் அலையின் சுருதி பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஏறி இறங்கும், அதுவும் ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு மாதிரி. இருக்குமிடம் தெரியாத விண்மீனைத் தேடுவதென்றால் திசை திசையாக எங்கள் ஓட்டத்தைக் கணக்குப் பார்த்துக் கழிக்கவேண்டும். இரவெல்லாம் உமது லப்டொப் சூடாவது அதற்குத்தான்.

கிடைக்கவில்லை என்கிறீர். என்ன கிடைக்கவில்லை? 2008இல் நண்டு விண்மீனில் ஒன்றும் கேட்கவில்லை என்று அறிவித்தார்கள். அந்த ‘ஒன்றும் கேட்கவில்லை’யில் இருந்துதான், அது சுழற்சி தளர்ந்து இழக்கும் சக்தியில் 4 விழுக்காட்டுக்கு மேல் ஈர்ப்பலையாகப் போகவில்லை என்று சொல்ல முடிந்தது. பிறகு அந்த எல்லை ஒரு விழுக்காட்டுக்கும் மிகக் கீழே இறங்கிவிட்டது. 20 கிலோமீற்றர் அகலம், சூரியனிலும் கூடிய நிறை. அதைத் தொடாமலே தடவிப் பார்த்து, இவ்வளவுக்கு வழவழப்பு என்கிறார்கள். இதுவா கிடைக்காதது?

செய்தி முடிந்ததும் வேலிக்கரையில் நிற்கும் சனம் “என்னவாம்?” என்று கேட்கும். சில இரவுகளில் பெரியப்பா, “இண்டைக்கு எங்கட பக்கம் ஒண்டுமில்லை” என்பார். அதைக் கேட்கத்தான் அவ்வளவு பேரும் நின்றார்கள். போய்ப் படுப்பார்கள்.

உமது கேள்வியை மறந்துவிட்டேன், பாரும். ஓடவிடும், ஆனால் மெத்தையில் வைக்காதேயும். பில்லில் பாதியை அப்பாவிடம் கொடுத்துவிடும். டைனமோ உரசி உரசிப் பின் ரயர் ஒரு பக்கம் தேய்ந்து வெடித்தபோது நானும் என் அப்பாவிடம் ஏச்சு வாங்கினவன்தான். அடுத்த கிழமையே எங்கேயோ தேடி ஒரு பழைய ரயரோடு வந்தார்.